அத்தையின் கன்னத்துப் பூச்சி

அப்பாவின் தங்கை, என் அத்தை, தினமும் விடியலில் போடியிலிருந்து ஜீப்பேறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவாள். வீட்டில் மாப்பிள்ளை தேடத் தொடங்கியதும், முகம் சிவப்பாகும் என்று யாரோ சொன்ன கிரீமை வாங்கிப் பூசினாள். முதலில் பளபளத்தது. பிறகு கன்னமெல்லாம் சீழ்க்கொப்புளம். ஜீப்பில் எல்லாரும் தள்ளி உட்கார்ந்தார்கள். மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போடச் சொன்னாள் அம்மா.

"போட்டுட்டு, அப்படியே டாக்டரயும் பாத்துட்டு வர்றேன்" என்று அத்தை என்னைத் துணைக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா கன்னத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"மயிர்க்கால்ல இருக்கிற பூச்சிம்மா. எல்லார் முகத்துலயும் கொஞ்சம் இருக்கும், ஒண்ணும் செய்யாது. அந்தக் கிரீமால ஒங்களுக்குப் பெருகிருச்சு. அதான் மயிர்க்காலெல்லாம் வீங்கிப் புண்ணாயிருக்கு. கிரீமை நிறுத்துங்க, மருந்து தர்றேன். மொதல்ல இன்னும் சிவக்கும், அப்புறம் ஆறிடும்."

அத்தை தானும் பார்க்கவேண்டும் என்றாள். குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "ஆத்தாடி, காலு எம்புட்டுக் குட்டையா இருக்கு!" என்று என்னையும் தூக்கிக் காட்டினாள்.

சொன்னபடியே முகம் இன்னும் சிவந்தது. பெண் பார்க்க வரும் நாளும் நெருங்கியது.

"அன்னைக்கு மட்டும் அந்தக் கிரீமப் போட்டுக்கத்தா, செவப்பு அமுங்கிரும்" என்றார் அப்பா.

"இப்ப மறைச்சா கடைசி வரைக்கும் மறைக்கணும்ண்ணே. வரட்டும், பாக்கட்டும்."

வந்தார்கள். "மூஞ்சியில என்னம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும், அத்தை காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கிரீம் வாங்கியதிலிருந்து பூச்சி வரைக்கும் நிதானமாகச் சொன்னாள். "ஒங்க மூஞ்சியிலயும் இருக்கும்த்தே, பயப்படாதீக" என்று முடித்தாள். அந்த அம்மாளின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனவர்கள், சொல்லி அனுப்பவேயில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அத்தையின் முகம் சுத்தமாகத் தெளிந்துவிட்டது. மறு வருஷம் ராசிங்காபுரத்திலிருந்து வந்த மாமா, அவள் பேச்சுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டார்.

ஆனால் முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போன அந்தச் சாயங்காலம் கொல்லையில் நின்று அத்தை முகம் கழுவிக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"மருந்து எரியுதா அத்தே?"

"ஆமாடி. நீ போயி கேசரியத் தின்னு, போ."

மருந்துதான் எரிகிறது என்று நம்பி, நான் கேசரி தின்னப் போனேன்.