சொட்டு இறங்காத கேபின்

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற வழியில் தங்கமாரியின் கொட்டகைக்குப் பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. பஞ்சர் கடைக்கு அடுத்து நாலு இரும்புக் கம்பம் நட்டு நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கும். மழைக்காலம் வந்தால் அங்கே இரண்டு மூன்று பிக்கப் வண்டிகள் கதவைத் திறந்துபோட்டு, சீட்டைக் கழற்றிப்போட்டு, குடல் வெளியே தெரிய நிற்கும். வண்டிக்காரர்கள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து கம்பெனிகளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். வண்டிக்குள் குத்துக்காலிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒல்லியான பெண்தான் தங்கமாரி.

அவள் செய்வது ஒரே ஒரு வேலை. மழைத்தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைப்பாள். இன்ஜினைத் தொடமாட்டாள். பிரேக்கைப் பற்றிக் கேட்டால், “அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். இந்தக் காலத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மெக்கானிக்கை எங்கே தேடுவது? அதனாலேயே அவளிடம் வண்டிகள் வந்தன.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பன்னிரண்டாவது முடித்த கையோடு பஸ் ஏறி, சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டலில் பெட்டியை வைத்து, வண்டிக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். லைனின் கடைசியில் ஷவர் டெஸ்ட் என்று ஒரு கூண்டு. புது வண்டியை அதற்குள் விட்டு நாலா பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கவேண்டும். டேஷ்போர்டுக்கு அடியிலும் சீட்டுக்குப் பின்னாலும் நுழைகிற உடம்பு இவளுடையது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். இவள் தலைக்கு மேல் மட்டும் நாள் பூராவும் அடைமழை.

ஒழுகுகிற இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுவாள். தேங்கின தண்ணீர் வடிவதற்காகத் தரைத் தகட்டில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கித் தட்டில் போடுவாள். அத்தோடு அவள் ஸ்டேஷன் முடிந்தது. பசை பூசுவதும், காயவைப்பதும், மூடியைத் திரும்ப மாட்டுவதும் அடுத்த ஸ்டேஷன்காரர்கள் பாடு. ஒருமுறை போனால் போகிறது என்று இவளே மூடியை மாட்டப் போய், சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“உன் வேலை முடிஞ்சா கைய எடுத்துடணும். அடுத்தவன் வேலைல நீ கை வெச்சா, தப்பு நடந்தா யார் தலைல எழுதறது?”

கையை எடுக்க நன்றாகவே பழகிக்கொண்டாள். சில வருஷம் கழித்துக் காண்ட்ராக்ட் முடிந்தது என்று சொல்லி, கம்பெனியும் அவள் விஷயத்தில் கையை எடுத்துவிட்டது. கால்விரல் இடுக்கில் ஆறாத சேற்றுப்புண்ணும் இந்த ஒரு தொழிலும்தான் அவள் அங்கிருந்து கொண்டுவந்த சொத்து.

கொட்டகை போட்ட பிறகும் வேலை அதே முறைதான். புருஷன் பேச்சிராஜ் ரப்பர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்ததும் வெளியே நின்று ஹோஸ் பிடிப்பான். இவள் உள்ளே இருப்பாள். வழியை அடைத்துவிட்டு இவள் இறங்கிக்கொண்டால், மூடியை மாட்டி, ரப்பர் மேட்டை விரித்து, சீட்டைப் பூட்டி வண்டியை முடிப்பது பேச்சிராஜ். அவன்தான் அவளுடைய அடுத்த ஸ்டேஷன். சொல்லி வைத்துக்கொண்டது இல்லை, அப்படியே படிந்துபோன பழக்கம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சின்னப்பராஜ் வந்தார். ஐம்பது தாண்டின மனிதர். காஸில் ஓடுகிற சின்ன பிக்கப். உதிரிபாகங்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குக் கம்பெனி போவார். வண்டி வந்து நிற்பதற்கு முன்னாலேயே அதன் சத்தம் வந்துவிட்டது. கூடவே அவர் மனைவி அற்புதமேரியும் இறங்கினார். மழைக்குத் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்திருந்தார்.

“சைலன்சர் இந்தக் கத்து கத்துதே அண்ணாச்சி” என்றாள் தங்கமாரி.

“கத்தட்டும் மா. ஆரன் அடிக்கற வேலை மிச்சம்” என்று சிரித்தார் சின்னப்பராஜ். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறி, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

அற்புதமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. “போன மழைல நெஞ்சுல சளி கட்டிக்கினு பொழைப்பாரான்னு இருந்துச்சு மா. வூட்ல இருக்கறத வுட இந்தப் பொட்டிக்குள்ளதான் கெடக்கறாரு. கம்பெனி கேட்டாண்ட லைன்ல நின்னா அரை நாளு ஆவுது. காலு ரெண்டும் தண்ணியிலயே கெடக்குது. டாக்டரு சொல்லிட்டாரு, இன்னொருக்கா அப்படி வந்தா தாங்காதுன்னு. எப்படியாவது இத்த நிறுத்திக் குடு.”

“நிறுத்திருதேன்க்கா” என்றாள் தங்கமாரி. அந்த முகத்தைப் பார்த்தபிறகு வேறு என்ன சொல்லமுடியும்?

வேலை லேசில் படியவில்லை. தண்ணீர் சொட்டியது இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில். அதற்காக முன்கண்ணாடியைச் சுற்றி யார் யாரோ சிலிக்கான் பசையை அப்பி வைத்திருந்தார்கள், பல் துலக்கத் தெரியாத குழந்தை பேஸ்ட்டை அப்பிக்கொண்ட மாதிரி. தங்கமாரி அத்தனையையும் சுரண்டி எடுத்தாள். சீட்டையும் மேட்டையும் எடுத்து, தரை மூடியைப் பிடுங்கித் தட்டில் போட்டுத் தேங்கின தண்ணீரை வடித்தாள். உள்பக்கம் முழுக்க முகப்பவுடரைத் தூவிவிட்டு உட்கார்ந்தாள். பேச்சிராஜ் முதலில் கதவின் அடியில் தண்ணீர் விட்டான். பிறகு கண்ணாடியின் கீழ்விளிம்பில். கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடமாக நிதானமாக. மேலே இருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து, எது வழி என்றே தெரியாமல் போகும்.

ஹோஸ் கூரைக்குப் போனபோதுதான் பவுடரில் ஒரு கோடு கிழிந்தது. கூரைத்துணிக்குள்ளிருந்து கிளம்பி, ஓரத் தூண் வழியே சாரைப்பாம்பு மாதிரி இறங்கி, கால் வைக்கிற இடத்தில் வந்து சொட்டியது. துணியைப் பிரித்துப் பார்த்தால் கூரையில் நாலு ஓட்டைகள்.

சின்னப்பராஜ் தலையைச் சொறிந்தார். “மாதா திருவிழாவுக்கு மைக் செட் கட்றதுக்கு நான்தான் ஓட்டை போட்டு போல்ட்டு மாட்டினேன். அப்பறம் எம்சீல் வெச்சு அடச்சுட்டனே மா!”

“எம்சீல் வெயிலுக்கு விரிஞ்சு போச்சு அண்ணாச்சி. நீங்க அடைச்சதா நெனச்சது அடைக்கவே இல்ல.”

துருவைத் தேய்த்து, தகடு வைத்து, ரிவெட் அடித்து, பசை பூசிக் காயவிட்டாள். அதற்குள் பேச்சிராஜுக்கு போன் வந்தது. ஷிப்டுக்கு ஆள் வரவில்லை, உடனே வா என்று. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். சின்னப்பராஜுக்கும் மதியம் லோடு இருந்தது. பசை காய்ந்ததும் தங்கமாரியே ஹோஸைப் பிடித்துக் கூரையைப் பார்த்தாள். சொட்டு இல்லை. அவளே மேட்டை விரித்தாள், அவளே சீட்டைப் பூட்டினாள். மூடி தட்டிலேயே கிடந்தது. அதை மாட்டுவது அவள் கைக்குப் பழக்கமில்லாத வேலை. கை அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

மறுநாள் காலையில் தட்டைக் கழுவும்போது மூடியைப் பார்த்தாள். எந்த வண்டியுடையது என்று உடனே தெரிந்துவிட்டது. சே, இதைப் போய் விட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். கீழே ஒரு ஓட்டை இருந்தால் என்ன, சேற்றுத்தண்ணீர் கொஞ்சம் தெறிக்கும், அவ்வளவுதானே என்றுதான் நினைத்தாள். இத்தனை வருஷமாக அவள் தண்ணீரைத் தவிர வேறெதையும் தேடியதில்லை. ஓட்டை வழியாகத் தண்ணீரைத் தவிர இன்னொன்றும் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

போனை எடுத்துப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவரே கூப்பிட்டார்.

“தங்கச்சி! வெளிய பேய் மழை. உள்ள ஒரு சொட்டு இல்ல மா! முன்னெல்லாம் அந்த ஈர நாத்தத்துக்குக் கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வெச்சுக்கினு குளிர்ல நடுங்குவேன். இப்ப கண்ணாடி ஃபுல்லா ஏத்திட்டு ஜம்முன்னு படுத்துக்கினு கீறேன். பின்னாடி நிக்கற பசங்க கிட்டயெல்லாம் உன் பேரத்தான் சொல்லிக்கினு கீறேன்.”

இத்தனை புகழ்ச்சியை அவளுக்கு யாரும் ஒரு வாயில் கொட்டியதில்லை. 'மூடிய விட்டுட்டேன் அண்ணாச்சி' என்ற மூன்று வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் இந்தக் குரல் இறங்கிப்போகும். பின்னால் நிற்கிறவர்களிடமும் சொல்வார். “இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க அண்ணாச்சி, ஒருக்கா பாத்துருதேன்” என்று மட்டும் சொன்னாள்.

“எதுக்கு மா, அதான் சூப்பரா கீதே!”

அவள் வற்புறுத்தவில்லை.

அந்த வாரமே ஒரு பிற்பகலில், வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி வாசலில் வரிசை நகர்ந்தது. சின்னப்பராஜின் வண்டி நகரவில்லை. பின்னால் நின்ற செந்தமிழன் என்ற டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே இறங்கி மழையில் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சின்னப்பராஜ் சீட்டில் சாய்ந்து சுகமாகத் தூங்குகிறவர் மாதிரிதான் இருந்தார். கல்லால் கண்ணாடியை உடைத்து வெளியே இழுத்தபோது உடம்பு துவண்டு விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சைலன்சர் குழாய் உடைந்து புகை உள்ளே போயிருக்கிறது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. அந்த உடைந்த குழாய்க்கு நேர் மேலே தரையில் ஒரு ஓட்டை இருப்பதை யாரும் மேட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஏதோ ஒரு ஓட்டை என்றுதான் போயிருப்பார்கள்.

டீக்கடையில் செய்தி கேட்டதும் தங்கமாரி ஒரு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுகைகூட வரவில்லை. பேச்சிராஜ் குனிந்து பார்த்து என்ன என்று கேட்டபோது சொன்னாள்.

“யாரும் கேக்கல, நீயா வாயத் தொறக்காத” என்றான். “சைலன்சர மாத்தாதது அந்த ஆளு தப்பு. நீ போய்ச் சொன்னா செத்தவரு எந்திச்சு வரப்போறாரா? ஒன்னத்தான் பிடிச்சு உள்ள வைப்பானுவ.”

“போன் பண்ணாருல்லா. அப்பயாவது சொல்லிருக்கலாம்லா.”

“விடு பிள்ள. நான் இருந்திருந்தா மாட்டிருப்பேன். அப்ப என் தப்புன்னும்தான் சொல்லலாம்.”

அடக்கத்துக்கு அவள் போகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டியிலும் மூடியை அவளே மாட்டினாள். மாட்டிவிட்டு இறங்குவாள், மறுபடி ஏறி மேட்டைத் தூக்கிப் பார்ப்பாள், மறுபடியும். வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோறு இறங்கவில்லை. சொல்லாமல் இருந்தால் இது தன்னைத் தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் பேச்சிராஜ் ஷிப்டுக்குப் போனதும் பஸ் ஏறிவிட்டாள்.

அற்புதமேரியின் வீடு மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து அற்புதமேரியின் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. யாரையோ கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஆள் இருக்கிறார்கள் போல, அப்புறம் வரலாம் என்று நினைத்தபடி தங்கமாரி எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. சுவரில் மாலை போட்ட சின்னப்பராஜின் படத்தைப் பார்த்துத்தான் அற்புதமேரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தினி வாட்டி தலபாடா அடிச்சுக்கினேன், சைலன்சர மாத்துய்யா மாத்துய்யான்னு! கேட்டியா? நாளிக்கு, நாளிக்குன்னு என் தாலிய அறுத்துட்டுப் போயிட்டியேய்யா, பாவி!”

தங்கமாரியைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வா மா. நீ நல்லாதான் செஞ்சு குடுத்த. ஒரு சொட்டு இல்லைன்னு தெனம் சொல்லுவாரு. அந்தாளு குடுப்பன அவ்ளோதான்.”

அதைக் கேட்டபிறகு நிற்க முடியவில்லை. தங்கமாரி தரையில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மூடியைப் பிடுங்கியது, மாட்டாமல் விட்டது, மறுநாளே தெரிந்தது, போனில் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அடிப்பார், கத்துவார், ஊரைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

அற்புதமேரி எழுந்து, படத்தில் ஒரு பக்கம் சரிந்திருந்த மாலையை நேராக்கினார்.

“முடிஞ்சிதா?” என்றார் கடைசியில்.

தங்கமாரி தலையாட்டினாள்.

“உனக்கு இனிமே தூக்கம் வரும். சொல்லிட்ட இல்ல?” அற்புதமேரியின் குரல் தணிந்திருந்தது. “இத்தினி நாளா அந்த மனுசனத்தான் திட்டிக்கினு இருந்தேன். காலைல ஆரம்பிச்சா படுக்கற வரிக்கும். உயிரோட இருந்தப்பவும் எங்களுக்குள்ள அதான் பேச்சே. திட்டிக்கினு இருந்தா கூடவே இருக்கற மாரி இருந்துச்சு மா. இப்ப வந்து அவரு மேல தப்பு இல்ல, உன் மேலன்றியே. நான் யாராண்ட பேசுவேன்? உன்ன திட்டறதுக்கு நீ யாரு எனக்கு?”

“அக்கா...”

“எழுந்து போ மா. போலீசுக்கெல்லாம் போவ மாட்டேன். போ.”

தங்கமாரி எழுந்து வெளியே வந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே அற்புதமேரி படத்தின் முன்னால் போய் நிற்பது தெரிந்தது.

“யோவ்...” என்று ஆரம்பித்தார்.

அதற்கு மேல் அவருக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.