கோட்டை வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரை பேசிய இங்கிலீஷ்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் எழுத்துப் பிழையும் இருக்கும். நம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

எனக்குக் கூச்சம் அதிகம். செஞ்சிக் கோட்டைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தால், நம் ஸ்டாண்டு சேகர் வண்டியைக் கைகாட்டி விடுவேன். ஆனால் சவாரி இல்லாத நேரத்தில் போனில் இங்கிலீஷ் படம் பார்ப்பேன். கீழே ஓடும் தமிழைப் படித்துக்கொண்டே, அவர்கள் பேசுவதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்.

சேகர் விடமாட்டான். "இன்னாண்ணா, போனுகிட்டயே பேசினு கீற. ஆளு வந்தா மட்டும் வாயில கொழக்கட்டயா?"

ஒரு அமாவாசை அன்று ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டன. கிளட்ச் சரியில்லாததால் நான் மட்டும் கோட்டை வாசலில் நின்றேன். உச்சி வெயிலில் மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், வாசலிலேயே சரிந்து விழுந்தார். அவர் மனைவி அழ ஆரம்பித்துவிட்டார். இளநீர்க் கடை அக்காவும் நானும் அவரைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தோம். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார்.

"கண்ண மூட வுடாத. பேசினே போ," என்றார் அக்கா.

"எனக்கு இன்னாக்கா பேசத் தெரியும்?"

"தெரிஞ்சத பேசு. கெளம்பு மொதல்ல."

ரோடு முழுக்க ஸ்பெஷல் பஸ். வண்டி ஊர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் பெரியவர் தலை சாய்கிறது. படங்களில் அடிபட்டவனிடம் சொல்வது நினைவுக்கு வந்தது.

"சார், ஸ்டே வித் மீ. லுக் அட் மீ. வாட் இஸ் யுவர் நேம்?"

"பீட்டர்," என்றார். குரலே இல்லை.

படத்தில் அதற்குள் ஹெலிகாப்டர் வந்துவிடும். எனக்கு முன்னால் பஸ்தான் நின்றது. அவர் கண் மறுபடி மூடியது. வாட்ஸ்அப்பில் வரும் வாழ்த்துதான் என் வாயில் வந்தது.

"சார், ஹேப்பி பொங்கல்."

கண் திறந்தது. "வாட்?"

"ஹேப்பி தீபாவளி. ஹேப்பி நியூ இயர். ஹேப்பி கிறிஸ்மஸ்."

"மெர்ரி கிறிஸ்மஸ்," என்றார் மெதுவாக. அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குத் தெரிந்த பண்டிகைகள் தீர்ந்துவிட்டன.

"ஹேப்பி அமாவாசை, சார்."

"வாட் இஸ் அமாவாசை?"

அவரே கேள்வி கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. "டுடே நோ மூன் சார். ஆல் பீப்பிள் கோயிங் டெம்பிள். பஸ் ஃபுல். மை ஆட்டோ நோ கோயிங்."

பெரியவர் உதட்டில் சிரிப்பு வந்தது. நான் எதற்குப் பேசுகிறேன் என்று அந்த அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. கணவர் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பழைய கிறிஸ்மஸ் கதைகளைக் கேட்க ஆரம்பித்தார். நான் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, ஆஸ்பத்திரி கேஸு, கொஞ்சம் ஒதுங்குண்ணே," என்று பஸ்காரர்களிடம் கத்திக்கொண்டே ஓட்டினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெயிலில் உடம்பில் நீர் வற்றிவிட்டது, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர்.

சாயங்காலம் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். பாதிதான் புரிந்தது. முன்பென்றால் தலையாட்டிவிட்டு நழுவியிருப்பேன்.

"சார், ஸ்லோ. ஒன் மோர் டைம்," என்றேன்.

அவர் ஒவ்வொரு வார்த்தையாக, எனக்குப் புரியும்வரை சொன்னார்.

தம்பிகளே, முழுசாகக் கற்றுக்கொண்டு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கார்த்திகை 9, ஞாயிற்றுக்கிழமை.