சோற்றுக்கு அடியில் முட்டை

குவித்த குத்தரிசிச் சோற்றை விரலால் விலக்கினால், அடியில் அவித்த முட்டை ஒன்று இருக்கும். பாரிசின் லா ஷப்பலில் நான் வழக்கமாகச் சாப்பிட்ட கடையில் முட்டைக்குத் தனி விலை. நான் ஒருநாளும் முட்டை கேட்டதில்லை. சமையல் அண்ணைதான் முதலாளியின் கண்ணில் படாமல் அதைத் தட்டில் வைத்து, மேலே சோற்றைக் கொட்டி, கத்தரிக்காய்க் கறியால் மூடி அனுப்புவார். பிறகு குசினித் திரைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "தங்கச்சி, கடைசியாய்ச் சாப்பிடு" என்பார்.

2009 முடிவில் தனியாகப் பாரிசுக்கு வந்தவள் நான். விசா கிடைத்தபின் ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் களஞ்சியத்தில் பெட்டி கட்டும் வேலை கிடைத்தது. விடியற்காலை தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். லா கூர்னெவில் நான் இருந்த அறைக்குத் திரும்புமுன் அந்தக் கடைக்குப் போவேன். வருபவர்கள் அநேகமாக ஆண்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தனியாக வந்து சாப்பிடும் பெண்ணை ஒரு மாதிரிப் பார்த்தவர்களும் உண்டு. பார்த்தால் பார்க்கட்டும், பசி எனக்கு. குசினிக்குப் பக்கத்து மேசையை அண்ணை எனக்கென்று பிடித்து வைப்பார். இப்படி இரண்டு வருடங்கள். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும், விசா இல்லாமல் அந்த அடுப்படியில் நிற்பதும் எனக்குத் தெரியும். மனம் சரியில்லாத நாளில் அவர் வைக்கும் சொதியில் உப்புக் கூடும் என்பதுகூடத் தெரியும். பெயரைக் கேட்க மட்டும் தோன்றவில்லை. அண்ணை என்று கூப்பிட்ட பிறகு பெயர் எதற்கு?

ஒரு வியாழக்கிழமை, நான் சோற்றில் கை வைத்த நேரம், வாசலில் நின்ற ஒருவர் "கொன்ட்ரோல்!" என்று உள்ளே குரல் கொடுத்தார். விசா இல்லாமல் வேலை செய்பவர்களைத் தேடிப் பொலிசும் அதிகாரிகளும் வந்திருந்தார்கள். பின்கதவாலும் ஆட்கள் நுழைந்துவிட்டார்கள். அண்ணை ஏப்ரனைக் கழற்றி வெங்காயச் சாக்குக்குள் திணித்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். நான் என் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். சாப்பிட வந்தவர்போல் சோற்றைப் பிசைந்தார். விரல் முட்டையில் பட்டது. தான் ஒளித்ததைத் தானே எடுத்து, இரண்டாக உடைத்து, பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

குசினிக்குள் போனவர்களின் கவனமெல்லாம் அடுப்பில்தான். சாப்பிடுகிறவர்களை ஒருவரும் சட்டை செய்யவில்லை. எங்களைக் கடந்த அதிகாரிப் பெண் மட்டும், ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுவதைக் கண்டு, தெரிந்தவரா என்று சும்மா கேட்டாள். ஆம் என்று தலையாட்டியிருந்தால் போதும். நான் பெரிய கெட்டிக்காரிபோல், நன்றாகப் பழகிய பிரெஞ்சில், "என் அண்ணன்" என்றேன். கூடப் பிறந்தவரா என்றாள். "ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது, பிறகு பிரெஞ்சிலும் சொன்னேன். அவள் பேனாவைத் திறந்தாள். அண்ணனுடைய பெயர்?

என்னிடம் பெயர் இல்லை. வாயில் வந்த ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மஞ்சள் ஏறிய அவருடைய நகங்களைப் பார்த்தாள். அண்ணை எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். அவரை அவர்கள் கூட்டிக்கொண்டு போகும்போது, "பரவாயில்லை தங்கச்சி, சாப்பாட்டை வீணாக்காதை" என்றார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்தப் பாதி முட்டையை நான் சாப்பிட்டேன்.

மறுநாள், பிடிபட்டவர்களை வைத்திருக்கும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் கேள்வியே பெயர்தான். இடது கையில் எண்ணெய் சுட்ட தழும்பு இருக்கும் என்றேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள். முதலாளி தன் வழக்குக்குப் பயந்து, "இஞ்சை அப்பிடி ஒருத்தரும் வேலை செய்யேல்லை" என்று சாதித்தார். தட்டுக் கழுவியவரோ, "எல்லாரும் அண்ணை எண்டுதானே கூப்பிட்டனாங்கள்" என்றார். திருப்பி அனுப்பினார்களா, இதே நகரத்தில் வேறொரு அடுப்படியில் நிற்கிறாரா, தெரியாது. தேடுவதற்குக் கூட ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. அவரைக் காட்டிக்கொடுத்தது என் பாசமா, என் வாய்த்துடுக்கா என்று இன்றும் என்னை நானே போட்டு வதைக்கிறேன்.

அதன்பிறகு யாரிடமும் முதலில் பெயர் கேட்பது வழக்கமாகிவிட்டது. போன கிழமை லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் புதிதாகத் திறந்த கடைக்குப் போனேன். சோறும் மீன்குழம்பும் முட்டையும் கேட்டேன். குசினியிலிருந்து சமையற்காரரே தட்டைக் கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"உங்கடை பேர் என்ன அண்ணை?" என்றேன்.

அவர் கை தட்டிலேயே நின்றது. வாசலை ஒருமுறை பார்த்தார்.

"ஏன் அக்கா, ஏதும் கொன்ட்ரோலோ?"

"இல்லை, சும்மாதான் கேட்டனான்."

"அண்ணை எண்டே கூப்பிடுங்கோ, அதுவே காணும்" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

முட்டை சோற்றின் மேலேயே இருந்தது. அதை அடியில் தள்ளி, சோற்றால் மூடினேன்.