டேங்குக்குள்ளிருந்து வந்த தட்டு

விமானத்தின் இடது டேங்க் நிறைந்திருந்தும், விமானி அறையிலிருந்த எரிபொருள் கேஜ் பாதிதான் காட்டியது. வெளி வயர்களையெல்லாம் சோதித்துவிட்டோம். கோளாறு டேங்குக்குள் இருந்த சென்சாரில்தான். டேங்கை வடித்துக் காயவைத்த பின், அதை மாற்ற உள்ளே நுழைந்தவன் குன்னத்துகால் ஊர்க்காரன், என் சிநேகிதன். இறக்கைக்குக் கீழே, மேடைமேல், ஆள் நுழையும் துளையருகே காவல் நான். எங்களுக்குள் மூன்று நாளாகப் பேச்சில்லை.

தப்பு என் நாக்கில். அவன் மகள் நிச்சயத்தில் போட்ட பிரியாணியில் கறியைவிட எலும்புதான் அதிகம் என்று, வேலைக்குப் போக பாறசாலையில் ஏறிய ரயிலில் பத்துப் பேர் கேட்கச் சொல்லித் தொலைத்தேன்.

உள்ளே ஆள் இருந்தால் வெளியே நிற்பவன் நிமிடத்துக்கொரு முறை கூப்பிட வேண்டும். உள்ளிருப்பவன் பதில் சொல்ல வேண்டும். "உண்டா?" என்றேன். அந்த வீம்பன் வாய் திறக்கவில்லை; விரல் முட்டியால் தகட்டில் ஒரு தட்டு. வாயால் சொல் என்று கேட்க எனக்கும் ரோஷம். அப்படியே நேரம் ஓடியது.

பிறகு ஒரு தடவை தட்டு வரவில்லை.

"எலே, உண்டா?"

வீம்பு முற்றிவிட்டது என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன்; அதற்கும் தட்டு இல்லை. தலையைத் துளைக்குள் நுழைத்தேன். "மக்கா, பிரியாணி நல்லாத்தான் இருந்துது. ஒரு தட்டு தட்டு மக்கா."

சத்தமே இல்லை. தலையை வெளியே எடுத்துக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அவன் முகமூடிக்குக் காற்று போகும் குழாய் என் பூட்ஸின் கீழே மடிந்து கிடந்தது. எப்போது மிதித்தேனோ, தெரியவில்லை.

காலை எடுத்துவிட்டு விசிலை ஊதினேன். இரண்டாம் முறைதான் சத்தம் எழுந்தது. ஓடிவந்த இருவரோடு சேர்ந்து அவன் இடுப்புக் கயிற்றை இழுத்தேன். செத்துப்போனான், நான்தான் கொன்றேன், அவன் மகளிடம் என்ன சொல்வேன் என்பது மட்டுமே தலைக்குள் ஓடியது. முகமூடியைக் கழற்றியதும் இருமினான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "உண்டு" என்றான்.

மேலதிகாரியிடம் அன்றே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நாலு நாள் கழித்து வேலைக்கு வந்தான். ரயில் நெய்யாற்றின்கரை தாண்டியதும் சொன்னேன்: "குழாய்மேல நின்னது நானாக்கும்."

"தெரியும்," என்றான்.

அன்று வேறொரு விமானத்தின் டேங்கில் அவனுக்கு வேலை. காவலுக்கு வேறு ஆளைக் கேட்டான். அந்த ஆள் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும், "உண்டு" என்று வாயாலேயே பதில் சொன்னான். நான் அடுத்த இறக்கையின் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.