சீனியம்மாள் வெட்டிய மகாராணி

வில்லாபுரத்துச் சீனியம்மாளுக்குக் கிணறு தோண்டுகிற இடங்களில் மண் சுமக்கிற வேலை. இருபது வருஷம் ஊரான் நிலத்துக்கெல்லாம் தண்ணீர் வரவழைத்தவளுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில் அவள் கூடை மண்ணில் ஒரு பொற்காசு மின்னியது. ஒரு பக்கம் கொண்டை போட்ட பெண் முகம். மறுபக்கம் நிற்கிற பெண்தெய்வம்.

புதையலைச் சர்க்காரிடம் காட்டினால் கண்டவருக்குப் பங்கு உண்டு என்று மேஸ்திரி சிவனாண்டி சொல்லிவிட்டான். பங்கு வந்தால் ஒரு கறவை எருமை. தட்டானிடம் கொடுத்து உருக்கியிருக்கலாம். பாவி மகள் நேர்மையாக நடந்துவிட்டாள். நேரே ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் பெயர் வேண்டாம். பேரன் பேத்தி எடுத்தவர்.

இன்ஸ்பெக்டர் காசைப் பார்த்தார். தங்கம், பெண், கொண்டை. விக்டோரியா மகாராணியேதான்! முகத்தின் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு வேறு.

"மகாராணி மூஞ்சியில யாருடி வெட்டுனது? காங்கிரஸா நீ?"

"அந்த மகராசி யாருன்னே எனக்குத் தெரியாது சாமி. அவளோட எனக்கென்ன வாய்க்கா வரப்புச் சண்டையா?"

"வாய் வேறயா?"

ராஜநிந்தனைக்காரி என்று அவர் போலீஸில் ஒப்படைக்க, ஒன்பது நாள் லாக்கப்பில் கிடந்தாள். பத்தாம் நாள் காசைப் படித்துச் சொல்ல மிஷன் பள்ளி வாத்தியார் ஞானசீலனை அழைத்தார்கள்.

"இவங்க பேரு பவுஸ்தீனா. ரோமாபுரிச் சக்கரவர்த்தியோட சம்சாரம். செத்து ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. வெட்டுக்குள்ள மண்ணு கல்லா இறுகிக் கெடக்கு பாருங்க. அந்தக் காலத்துல எவனோ பொன்னு அசலான்னு வெட்டிப் பாத்திருக்கான்."

இன்ஸ்பெக்டர் பெரிய மனது பண்ணி அவளை விட்டார். அவள் போகவில்லை.

"என் பங்கு?"

"புதையல் கண்டவுடனே கலெக்டருக்கு எழுத்துமூலமாத் தெரிவிக்கணும். ஒம்போது நாளா நீ தெரிவிக்கலை. பங்கு போச்சு."

"ஒம்போது நாளா நான் எங்கய்யா இருந்தேன்? ஒம்ம கம்பிக்குள்ளதானே? கொண்டாந்து உம்ம கையில குடுத்தேனே, அது கணக்குல வராதா?"

வரவில்லை. எழுத்தில் இல்லாதது சர்க்கார் கண்ணுக்குத் தெரியாது. காசு பட்டணத்துக்குப் போயிற்று. எருமை கனவிலேயே கன்று போட்டது.

அடுத்த வாரம் சிவனாண்டி கூலி நீட்டினான்.

"வேணாம்ணே. இதுலயும் ராசா மூஞ்சிதானே இருக்கு? கீறல் விழுந்திருந்தா அதையும் நாந்தான் கீறுனேம்பாக. கம்பு அளந்து போடுங்க."

"கிறுக்கச்சி! ஊரே இதைத்தான் வாங்குது."

"ஊரு கம்பி எண்ணலையே."

சாகும்வரை அவள் காசைக் கையால் தொடவில்லை. அன்றைக்கு, மண் சுமந்த கூடையைத் தட்டி, கம்புக்காக நீட்டியபடி நின்றாள். சிவனாண்டிதான் கம்புக்கு அலைய வேண்டியதாயிற்று.