படகுத் தாளில் காய்ந்த நெத்திலி

அந்தத் தாள் பன்னிரண்டு அடி நீளம், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. சீனாவிலிருந்து வந்த இளம் பெண் ஓவியர் அதை ஊரூர் மீனவர் குப்பத்தில் ஒரு பழைய படகின் மேல் ஈரத்தோடு ஒட்டி, மை தோய்த்த துணிப் பொட்டலத்தால் மூன்று நாள் தட்டித் தட்டி, படகின் ஒவ்வொரு கீறலையும் அதில் ஏற்றியிருந்தார். நான் அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். மறுநாள் மாலை பெசன்ட் நகரில் கண்காட்சி; வெளிநாட்டில் அவருக்கு அதுதான் முதல். கையிலிருந்ததோ அந்த ஒரே படைப்பு.

அவர் பேச ஆரம்பித்தால் எனக்கும் அந்த வேகம் தொற்றிக்கொள்ளும். அவரும் நண்பர்களும் சீனாவில் தங்கள் ஊரில் இடிக்கப்போகும் குடியிருப்புகளுக்குள் புகுந்து ஒரே நாள் கண்காட்சி வைப்பார்களாம். ஒருவர் சமையலறை முழுக்கப் பனிக்கட்டி அடுக்கி உருகவிட்டாராம். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர்களின் குறட்டையைப் பதிவு செய்து மாடிப்படியில் ஒலிக்கவிட்டாராம். மறுநாள் புல்டோசர் வந்துவிடும். மயிலாப்பூரில் தஞ்சாவூர் ஓவியங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இப்படியும் செய்ய ஆட்கள் இருக்கிறார்களா என்று தலைகால் புரியாத சந்தோஷம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை தாளை மணலில் காய விரித்து, ஓரங்களில் கல் வைத்து, என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனார். நான் டீ குடிக்கப் போனேன். பத்தே நிமிஷம். திரும்பி வந்தால் தாள் முழுக்க நெத்திலி! குப்பத்து மணலில் சுத்தமாக எதை விரித்திருந்தாலும் அது மீன் காயப்போடத்தான். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கூடையோடு நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, மையத் தடவி வெச்சிகீறீங்க! எம்மீனெல்லாம் கறுத்துப் பூச்சே!"

ஈரத் தலையோடு ஓடிவந்த ஓவியர் மண்டியிட்டு ஒரு நெத்திலியை எடுத்தார். மீனில் வடிந்த உப்புநீர் மையைக் கரைத்திருந்தது. படகின் கறுப்பில் வெள்ளையாக ஒரு மீன். இன்னொன்றை எடுத்தார், அங்கேயும் மீன். ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே அக்காவைக் கட்டிப்பிடித்தார்.

"இன்னாவாம் இந்தப் பொண்ணுக்கு?" என்று அக்கா மிரண்டுபோய் என்னைக் கேட்டார்.

"இந்தப் படம் உங்களோடதும்தானாம்க்கா."

மறுநாள் அக்காவும் வந்திருந்தார்; கண்காட்சிக் கூடம் முழுக்கக் கருவாட்டு வாசனை. மூக்கைப் பொத்திக்கொண்டும் ஜனங்கள் அந்தத் தாளைவிட்டு நகரவில்லை. ஓவியர் தன் பெயர் மட்டும் இருந்த அட்டையைக் கிழித்துப் போட்டார். புது அட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டி, முதலில் அக்காவின் பெயரை எழுதச் சொன்னார். வெட்கமாக இருந்தது. பத்து வருஷமாக அக்காவிடம் மீன் வாங்குகிறேன்.

"உங்க பேரு என்னக்கா?" என்றேன்.

"இப்பவாச்சும் கேட்டியே" என்று அக்கா சிரித்தார். பிறகு, நான் தப்பாக எழுதிவிடக் கூடாதென்று, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார்.