பாரா நான்கை நான் எடுக்கவில்லை

"அக்கா, பாரா நாலை மட்டும் எடுத்துடுங்க."

டைரக்டர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் செக்ஷன் ஆபீசர். அவரும் தமிழர், கும்பகோணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். நாலு வருடமாக வெறும் 'மேடம்'தான். காரியம் ஆக வேண்டும் என்றதும் அக்காவாகிவிட்டேன்.

திங்கள் முதல் புதன் வரை

திங்கட்கிழமை கட்டடப் பராமரிப்பு மீட்டிங். ஜூனியர் இன்ஜினியர் தினேஷ், கான்ட்ராக்ட் ஊழியர், எழுந்து நின்று இந்தியில் சொன்னார்: "சார், ரெண்டாம் நம்பர் லிஃப்ட் கயிறு பிரிஞ்சிருக்கு. இன்னிக்கே நிறுத்தணும்."

"வெள்ளிக்கிழமை செக்ரட்டரி வர்றார். அதுவரைக்கும் ஓடட்டும். அச்சா, நெக்ஸ்ட் பாயின்ட்?" என்றார் டைரக்டர்.

மீட்டிங்கில் பேசியதை மினிட்ஸாக எழுதுவது என் வேலை; இரண்டையும் அப்படியே நான்காம் பாராவாகக் குறித்துக்கொண்டேன். புதன்கிழமை காலைதான் டிராஃப்ட் மினிட்ஸை அவருடைய ஒப்புதலுக்கு அனுப்பினேன். அடுத்த அரைமணி நேரத்தில் அதே லிஃப்ட் சறுக்கி இறங்கி, இரண்டு மாடிகளுக்கு நடுவில் முட்டி நின்றது. உள்ளே ஃபைல் கட்டுகளோடு இருந்த அட்டெண்டர் ராம்கலிக்குக் கால் முறிந்தது.

மதியத்துக்குள் விசாரணை என்றார்கள். தினேஷ் யாரையும் எச்சரிக்கவே இல்லை என்று ஒரு பேச்சும் கிளம்பியது. அவர் என் மேசைக்கு ஓடி வந்தார்.

"மேடம், என் நௌக்ரி போயிடும். மீட்டிங்ல நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. பாரா நாலுல இருக்கு."

மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த மற்ற அதிகாரிகளையும் கேட்டுப் பார்த்தேன். "யாத் நஹீ மேடம்" என்றார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மறதி வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டைரக்டர் கூப்பிட்டது அப்போதுதான்.

ஒரு வரி

"எடுத்துடுறேன் சார். ஃபைல்ல ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றேன்.

"இதுக்கெல்லாம் எதுக்கு ரைட்டிங்? நமக்குள்ளதானே?"

"அப்ப நானே எழுதிடுறேன். 'டைரக்டரின் வாய்மொழி உத்தரவுப்படி பாரா நான்கு நீக்கப்படுகிறது.' சரியா சார்?"

இ-ஃபைலில் நோட் போட்டு அனுப்பிவிட்டால் அதை யாராலும் அழிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். முகம் சுருங்கிப்போனது.

"ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு. எதுக்கு உங்களுக்கு ஊர் வம்பு?"

"வம்பு இல்ல சார், மினிட்ஸ். மீட்டிங்ல நடந்ததை எழுதுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

பாரா நான்கோடுதான் மினிட்ஸ் வெளியானது. தினேஷின் வேலை பிழைத்தது. என்னை பேஸ்மென்ட் ரெக்கார்டு ரூமுக்குத் தூக்கி அடித்தார்கள். மிச்ச இரண்டு வருடமும் எலிகளோடுதான். எலி எதுவும் என்னிடம் பாராவை எடுக்கச் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டாலும் இதையேதான் செய்வேன்.

இப்போதெல்லாம் மீட்டிங் முடிந்ததும் ஏதோ ஒரு ஆப் மினிட்ஸை எழுதிக் கொடுத்துவிடுகிறது என்று குருகிராமில் வேலை பார்க்கும் என் மகள் சொல்கிறாள். எழுதட்டும். பாரா நாலை எடு என்றால் அது எடுத்தும் கொடுத்துவிடும்.

ராம்கலி

தில்லி ஆர்.கே.புரத்தில் பழைய ஆபீஸ்காரர்கள் என்னைப் பார்த்தால், ஒரு ஆளின் வேலையைக் காப்பாற்றினீர்கள் என்று பாராட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். மீட்டிங் திங்கட்கிழமை. மினிட்ஸுக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு என்பது எங்கள் செக்ஷன் வழக்கம். நானும் ஆற அமர, வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். 'ஓடட்டும்' என்று தான் சொன்னதைத் திங்கட்கிழமை மாலையே எழுத்தில் பார்த்திருந்தால் அந்த மனிதர் பயந்துபோய் லிஃப்டை நிறுத்தியிருப்பார். எழுத்துக்கு அவர் எவ்வளவு பயப்படுவார் என்பதைத்தான் புதன்கிழமை நேரிலேயே பார்த்தேனே.

என் ரிட்டயர்மென்ட் அன்று ராம்கலி பூங்கொத்தோடு பேஸ்மென்டுக்கு வந்தாள். லிஃப்டில் வரவில்லை. நாலு மாடி, ஒவ்வொரு படியாகக் காலை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அந்தப் பூங்கொத்தை வாங்க எனக்குக் கை கூசியது.

ஆகவே, மினிட்ஸ் எழுதுகிறவர்களே, யார் சொன்னார், யார் மறுத்தார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். எழுதியதை எடுக்காதீர்கள், அக்கா என்று கூப்பிட்டாலும் சரி. அன்றைக்கே அனுப்பிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.